சுத்திகரித்த கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் ஏ9 வீதிக்கு உட்புறமாக உங்களுக்கு 3 ஏக்கர் மேட்டுக்காணியும், குளத்து வாய்க்காலில் 2 ஏக்கர் வயலும் இருக்கின்றன. ஆவணி பிறந்தால் கிணறு அடிதட்டிவிடுகிறது. பக்கத்தில் 400 பேர் தங்கிப் படிக்கும் விடுதியோடு ஒரு நிறுவனம். குளியலறை, குசினி, மலசலகூடம் எல்லாவற்றின் கழிவுநீரையும் அவர்கள் சுத்திகரித்து, குழாய் போட்டுச் சுற்றியுள்ள கமக்காரருக்கு இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். அப்பா 'வேண்டாம், அருவருப்பு' என்கிறார். நண்பர் 'இஸ்ரேலில் முழு விவசாயமும் இதில்தான்' என்கிறார். வெங்காயத்துக்கும் கீரைக்கும் இதை விடலாமா என்பது உங்கள் கேள்வி. தண்ணீர் சுத்தமா என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அறிய வேண்டியது வேறு: எந்தப் பயிர் இதைத் தாங்கும், எவ்வளவு காணிக்குப் போதும், இன்றைக்கு வருகிற தரத்தில் அடுத்த ஆவணியிலும் வருமா.

நான் 27 வருடம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்தவன். கடைசி சில வருடங்களில் இப்படியான நீரைப் புல்லுக்கும் தென்னைக்கும் விட்ட இரண்டு சிறு இடங்களைக் கிட்டவிருந்து பார்த்தேன். வைத்தியனல்ல, இரசாயனவியலாளனும் அல்ல. உங்கள் காணியையும் அந்த நிலையத்தையும் பார்க்காமல்தான் எழுதுகிறேன். சுருக்கமான பதில்: தண்ணீரை வாங்குங்கள். வெங்காயத்துக்கும் கீரைக்கும் விடாதீர்கள். உங்கள் குளத்துப் பங்குக்கு மாற்றாக அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்த மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் அளவு. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் நாளுக்கு 120 லீற்றர் பாவித்தால் 400 பேருக்கு 48,000 லீற்றர். அதில் கழிவாகத் திரும்பி வருவது ஏறத்தாழ 40,000 லீற்றர் என்று வைப்போம். மழை குறைந்த சிறுபோகத்தின் 120 நாளுக்குக் கணக்குப் பார்த்தால் 48 லட்சம் லீற்றர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் வயலில் ஒரு ஏக்கர் நெல்லைச் சிறுபோகத்தில் கரைசேர்க்க 4 ஏக்கர் அடி தண்ணீர் போகும். ஒரு ஏக்கர் அடி என்பது 12 லட்சம் லீற்றருக்குச் சற்று மேல். ஆகவே 400 பேரின் முழுக் கழிவுநீரும் ஏறத்தாழ ஒரு ஏக்கர் நெல்லுக்குத்தான் காணும். இரணைமடுக் குளம் நிறைந்தால் ஒரு லட்சம் ஏக்கர் அடிக்கு மேல் தேக்கும். அந்த விடுதி வருடம் முழுவதும் தருவது 12 ஏக்கர் அடி. இதைக் குளத்துக்கு ஈடாக நினைப்பது கடலையும் குடத்தையும் ஒப்பிடுகிற வேலை.

அதே தண்ணீரை மேட்டுப்பயிருக்குத் திருப்பினால் கணக்கு மாறும். கச்சான், கௌபி, உழுந்து போன்றவை ஒரு போகத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 20 லட்சம் லீற்றரில் முடியும். அப்படிப் பார்த்தால் இரண்டேகால் ஏக்கருக்குச் சற்று மேல். ஆனால் பூத்துக் காய்க்கிற உச்ச வாரங்களில் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 25,000 லீற்றருக்கு மேல் இழுக்கும். அந்த வாரங்களை வைத்துத் திட்டமிட்டால் ஒன்றரை ஏக்கர்தான் பாதுகாப்பான அளவு. தென்னைக்கு வந்தால் நிலைமை முற்றாக வேறு. 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 மரம். வரட்சியில் சொட்டு முறையில் மரத்துக்கு 80 லீற்றர் கொடுத்தாலும் ஏக்கருக்கு நாளுக்கு 5,120 லீற்றர். 40,000 லீற்றரை வைத்து 7 ஏக்கருக்கு மேல் காப்பாற்றலாம். ஒரு ஏக்கர் நெல்லா, ஏழு ஏக்கர் தென்னையா என்று என்னைக் கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

இனிக் கிருமி. அப்பாவின் அருவருப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன், அதற்கு நியாயமான அடி இருக்கிறது. வழமையான நிலையத்தில் கழிவுநீரை முதலில் அடைய விடுவார்கள். பிறகு காற்று ஊதி, நல்ல பக்ரீறியாக்களைக் கொண்டு அழுக்கைத் தின்னவைப்பார்கள். அந்தச் சேற்றை அடையவிட்டு மேல்நீரை எடுப்பார்கள். இவ்வளவோடு நின்றால் நோய்க்கிருமி 10 மடங்கோ 100 மடங்கோதான் குறைந்திருக்கும். அதன்பிறகு மணல் வடிகட்டியும் குளோரினும் இருந்தால் இன்னும் குறையும். உலக சுகாதார நிறுவனம் 1989இல் எல்லாப் பயிருக்கும் விடக்கூடிய நீருக்கு 100 மில்லிலீற்றரில் 1,000 மலக் கோலிபோமுக்கும் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பக்ரீறியா), ஒரு லீற்றரில் ஒரு புழு முட்டைக்கும் மேல் இருக்கக்கூடாது என்றது. 2006இல் அந்தப் பார்வை மாறியது. நீரை மட்டும் பார்க்காமல், சுத்திகரிப்பு, நீர் விடும் முறை, அறுவடைக்கு முன் இடைவெளி, கழுவுதல், சமைத்தல் என்று ஒவ்வொரு தடையையும் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கில் பச்சையாகத் தின்னும் இலைக்கு மொத்தத்தில் 10 லட்சம் மடங்கு கிருமி குறைய வேண்டும். மண்ணோடு கிடக்கும் வெங்காயம் போன்றவற்றுக்கு 1 கோடி மடங்கு. நிலத்தைத் தொடாமல் உயரத்தில் காய்க்கிற பயிருக்குச் சொட்டு நீர் விட்டாலே அதில் 10,000 மடங்கு கிடைத்துவிடுகிறது. தாழ்ந்த பயிருக்கு அதே சொட்டு முறை 100 மடங்குதான் தரும். நன்றாகக் கழுவுவது 10 மடங்கு. சமைப்பதோ 10 லட்சம் மடங்கு, அதற்கு மேலும்.

எங்கள் சமையலோடு பொருத்திப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முளைக்கீரையை நாங்கள் அவித்துத்தான் உண்கிறோம். வல்லாரையை அப்படியில்லை, பச்சையாக அரிந்து சம்பல் போடுகிறோம். அது வளர்வதும் ஈரத்தில், நிலத்தோடு படர்ந்து. என் அறிவில் இந்த நீருக்கு வல்லாரையைப் போல ஆபத்தான பயிர் வேறில்லை. சின்ன வெங்காயமும் சம்பலுக்கும் தயிருக்கும் பச்சையாகவே போகிறது. 'நாங்கள் அவித்துத்தான் சாப்பிடுகிறோம்' என்று நீங்கள் சொல்லலாம். சந்தையில் வாங்குகிறவர் எப்படிச் சாப்பிடுவார் என்பது உங்கள் கையில் இல்லை. வட்டப்புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழு வெறுங்காலால் ஏறும். முதல் ஆபத்து தின்கிறவனுக்கு முன்னரே பாத்தியில் நிற்கிறவனுக்கும், வரம்பில் விளையாடுகிற பிள்ளைக்கும்தான்.

உப்பைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிருமிக்குப் பயப்படுகிற அளவில் கால்வாசிகூட ஒருவரும் இதற்குப் பயப்படுவதில்லை. மனிதர் பாவித்து வெளியேற்றும்போது தண்ணீரில் லீற்றருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் உப்புக் கூடிவிடும். சோறு கறி உப்பு, சவர்க்காரம், சலவைத்தூள், சிறுநீர் எல்லாம் சேர்ந்தது. வழமையான எந்தச் சுத்திகரிப்பும் இந்த உப்பை எடுக்காது. நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், மணமிருக்காது, உப்பு அப்படியே இருக்கும். அதை அளக்கச் சட்டைப்பைக்குள் வைக்கிற மின்கடத்துதிறன் மீற்றர் ஒன்று போதும். மைக்ரோசீமன்ஸ் அளவில் காட்டும் எண் 700க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் உப்பால் பயமில்லை. 3,000க்கு மேலே போனால் பெரும்பாலான பயிருக்குக் கடும் பாதிப்பு. இது உலக உணவு விவசாய நிறுவனம் தருகிற எல்லை. இடையில் இருக்கும் நீருக்குப் பயிரைப் பார்க்க வேண்டும். விளைச்சல் குறையத் தொடங்காத உச்ச எல்லை வெங்காயத்துக்கு 800. குடைமிளகாய் இனத்துக்கு 1,000. நெல்லுக்கு 2,000, கச்சானுக்கு 2,100, கௌபிக்கு 3,300. இப்போது உங்கள் இடத்தை எடுங்கள். விடுதி குழாய்க்கிணற்று நீரைப் பாவிக்கிறது, அதன் எண் 700 என்று வைத்தால், சுத்திகரித்து வெளியே வருவது 1,000க்கும் 1,300க்கும் இடையில் இருக்கும். அது கௌபிக்கு ஒன்றுமே இல்லை. வெங்காயத்துக்கு விளைச்சல் குறையும். ஆக, கிருமியாலும் உப்பாலும் இரண்டு பக்கத்தாலும் வெங்காயம் தள்ளுபடியாகிறது. அதனால்தான் தொடக்கத்திலேயே அவ்வளவு உறுதியாக எழுதினேன்.

உப்பில் மொத்த அளவு ஒன்று, சோடியத்தின் பங்கு இன்னொன்று. சலவைத்தூளில் சோடியம் அதிகம். கல்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிடும்போது சோடியம் மிஞ்சினால் களிமண்ணின் கட்டமைப்பு உடைந்துவிடும். மேலே பொருக்குப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும், மழைக்குப் பிறகு மண் சீமெந்து போல இறுகும். இஸ்ரேலில் பல வருடம் இந்த நீரை விட்ட களிமண் தோட்டங்களில் இப்படி மண் கெட்டதை அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் மேட்டுக்காணிச் செம்மண் இதை ஓரளவு தாங்கும், தண்ணீர் இறங்கிப் போகிற மண். வயல் தாழ்வில் இருக்கிற களிமண் தாங்காது. அதனாலும் உங்கள் 2 ஏக்கர் வயலுக்கு இதை விட நான் சம்மதிக்க மாட்டேன். எங்களுக்கு ஒரு கொடை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்கிற மழை. வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றரில் பெரும்பங்கு அந்த மாதங்களில் கொட்டுகிறது. சிறுபோகத்தில் செம்மண்ணில் சேர்ந்த உப்பை அது கழுவி இறக்கிவிடும். பாலைவன நாடுகளுக்கு இந்த வசதி கிடையாது. ஆனால் மாரி பிழைத்த வருடத்தில் உப்பு அங்கேயே கிடக்கும். அந்த வருடம் மீற்றரை மண்ணிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இடையில் ஒன்று. சிறுநீரக நோய்க்காகவும் கடின நீருக்காகவும் வவுனியாவிலும் மற்ற இடங்களிலும் ஊருக்கு ஊர் குடிநீர் வடிகட்டி நிலையங்கள் வந்திருக்கின்றன. அவற்றிலிருந்து கழிவாக வெளியே விடுகிற தண்ணீரை 'சும்மா போகுது' என்று வாழைக்குத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குடிநீரிலிருந்து எடுத்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதை மீள்பாவனை நீர் என்று எண்ணிப் பயிருக்கு விட வேண்டாம். அரிசி ஆலையில் நெல் ஊறவைத்து அவித்த தண்ணீரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் மலக்கிருமி இல்லை, பொட்டாசியம் உண்டு. ஆனால் மாச்சத்துப் புளித்து நாறி, மண்ணின் ஒட்சிசனை இழுத்துவிடும். வேரடியில் தேங்கினால் வேர் அழுகும். தொட்டியில் பதப்படுத்தி, கிணற்று நீரில் பல மடங்கு கரைத்து, புல்லுக்கோ தென்னைக்கோ மட்டும் விடலாம்.

இதில் உரமும் இருக்கிறது, அது நல்ல செய்தியும் கெட்ட செய்தியும். காற்றூதும் சாதாரண நிலையத்திலிருந்து வரும் நீரில் லீற்றருக்கு 20 முதல் 40 மில்லிகிராம் நைதரசன் இருக்கலாம். 30 என்று எடுத்து 20 லட்சம் லீற்றரால் பெருக்கினால் 60 கிலோ நைதரசன், அதாவது 130 கிலோ யூரியா. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்திய அந்தப் போகத்தை நினைத்துப் பாருங்கள், ஒரு அந்தர் யூரியாவுக்கு எங்கள் ஆட்கள் எத்தனை கதவு தட்டினார்கள். ஆனால் யூரியாவை வேண்டிய நேரத்தில் நிறுத்தலாம், குழாயில் வருகிற நைதரசனை நிறுத்த முடியாது. காய்க்க வேண்டிய கௌபி கொடியாக ஓடும், பயிர் முற்றப் பிந்தும். புல்லுக்கு அது பிரச்சினை இல்லை, இலைதானே வேண்டும். வாழையும் தாங்கும். எப்படியானாலும் இந்த நீர் விடும் காணியில் யூரியாவைப் பாதிக்கு மேல் வெட்டுங்கள். மிஞ்சுகிற நைத்திரேற்று கிணற்றுக்குத்தான் போகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் அப்படித்தான் நைத்திரேற்று கிணறுகளுக்குள் இறங்கியது, எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சி நகரை அண்டிய பகுதிகளில் அடியில் கருங்கல், நீர் மெதுவாக இறங்கும். முழங்காவில், முருங்கன் பக்கம் சுண்ணக்கல். அங்கேயிருந்து யாராவது இதை வாசித்தால், என்னுடைய 'வாங்குங்கள்' என்ற சொல் உங்களுக்குப் பொருந்தாது. குடிநீர்க் கிணறுகளை முதலில் பாருங்கள்.

நான் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு நிறுவனத்தின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து மாட்டுப்புல் தோட்டம் ஒன்றுக்கு நீர் கொடுக்க ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். நீர் நன்றாக வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, 2022 சனவரி அறிக்கையில் எல்லா எண்ணும் எல்லைக்குள். பிறகு அந்த மார்ச் மாதம் வந்தது. ஒருநாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. காற்றூதி நின்றது. காற்று நின்றால் அந்த நல்ல பக்ரீறியாக்கள் மணிக்கணக்கில் திணறத் தொடங்கும், நாள்கணக்கில் செத்துவிடும். நிலையத்தைப் பார்த்துக்கொண்ட பையனுக்கு வால்வைப் பூட்ட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களுக்கும் யாரும் அறிவிக்கவில்லை. புல் வெட்டப் போன அக்கா ஒருவர்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். 'ஐயா, தண்ணி கறுத்துப் போச்சு, கூழ்முட்டை மணம் மணக்குது, மாட்டுக்கு வெட்டலாமோ?' அன்று என் பையில் இருந்தது சனவரி அறிக்கை. வாய்க்காலில் ஓடியது மார்ச் மாதத்துத் தண்ணீர். மின்சாரம் சீராக வந்த பிறகும் அந்த நிலையம் பழைய தரத்துக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. பயிர் புல்லாக இருந்தபடியால் பிழைத்தோம். அது வல்லாரையாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தாள் போதும் என்று எழுதிக்கொடுத்தவன் நான். அது போதாது. ஒவ்வொரு நாளும் நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்து மணந்து, நிறமோ மணமோ மாறினால் வால்வைப் பூட்டுகிற அதிகாரம் விவசாயியின் கையில் இருக்க வேண்டும்.

நண்பர் சொல்லும் இஸ்ரேல் கதையில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு விவசாயமும் இதில் இல்லை. அங்கே கழிவுநீரில் ஏறத்தாழ 90 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. தெல் அவிவ் நகரின் நீரைச் சுத்திகரித்து, மணலுக்குள் இறக்கி மாதக்கணக்கில் நிலத்தடியில் ஓடவிட்டு, பிறகு எடுத்து நெகேவ் பாலைவனத்துக்கு அனுப்புகிறார்கள். கலிபோர்னியாவின் மொன்றேயில் 1998 முதல் இலைக்கோசும் ஸ்ரோபெரியும்கூட இந்த நீரில் விளைகின்றன. ஆனால் அதற்கு முன்னர் வருடக்கணக்கில் வயலிலேயே ஆய்வு செய்தார்கள். வடிகட்டலும் கிருமி நீக்கமும் இரவு பகலாகக் கண்காணிக்கப்படுகின்றன. மறுபக்கம் மெக்சிக்கோ நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே பல பத்தாண்டுகள் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்ந்தது. சோளம் நன்றாக விளைந்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் வட்டப்புழுத் தொற்று மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. உங்கள் விடுதி நிலையம் மொன்றேயாக இருக்கப்போகிறதா, மெஸ்கித்தாலாக இருக்கப்போகிறதா என்பதை அங்கே பம்பைத் திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுக்கப்படுகிறதா என்பதில்தான் பார்க்க வேண்டும். கல்லி பவுசரில் கொண்டுவந்து இரவில் காணியில் ஊற்றுகிற மலக்கழிவு இதில் எதற்குள்ளும் அடங்காது. அதை யார் 'உரம்' என்று சொன்னாலும் விடாதீர்கள்.

இதுவரை எழுதியவை எனக்கு ஐயமில்லாதவை. இனி அறிவியலே முடிவு சொல்லாதவை. மனிதர் விழுங்கும் மருந்துகளில் ஒரு பகுதி கழிவுநீரோடு வருகிறது, சுத்திகரிப்பில் முழுதாகப் போவதில்லை. இஸ்ரேலில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நீரில் விளைந்த மரக்கறியை உண்டவர்களின் சிறுநீரில் வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் மருந்து மிகச் சிறு அளவில் காணப்பட்டது. நோயாளி விழுங்கும் அளவோடு ஒப்பிட அது தூசு. அந்தத் தூசு வருடக்கணக்கில் ஏதாவது செய்யுமா என்பது தீர்க்கப்படாத கேள்வி. இலை, கிழங்குகளில் இது கூடுதலாகவும், பழம், தானியங்களில் குறைவாகவும் சேர்கிறது என்பது என் பயிர்த் தெரிவுக்கு இன்னொரு காரணம். சிறுநீரக நோயை இந்த நீரோடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நோயின் காரணமே இன்னும் ஒருமுகமாக நிறுவப்படவில்லை. அதை வைத்துப் பயமுறுத்துவதும் தவறு, 'ஒன்றும் வராது' என்று உறுதி கொடுப்பதும் தவறு.

ஒன்றை எங்கள் ஆட்கள் மறந்துவிடுகிறோம். வன்னியில் ஒரே தண்ணீரை இரண்டாம் முறை பாவிப்பது எங்கள் பாட்டன் காலத்து வேலை. மேல்குளத்து வயலில் வடிகிற நீர் கழிவு வாய்க்காலால் இறங்கிக் கீழ்க்குளத்துக்குப் போகும், அந்தக் குளத்துத் துருசு (மதகு) திறந்து அடுத்த வயலுக்குப் பாயும். கனகராயன் ஆற்று நீர்பிடியில் எத்தனை சிறு குளங்கள் இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கி இரணைமடுவுக்கு வருகின்றன. கடைமடைக் கமக்காரர் கழிவு வாய்க்காலில் பம்பு வைத்து இறைப்பதும் மீள்பாவனைதான். எந்த விடுதி நிலையத்தையும்விட அதன் அளவு பெரிது. அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, களைகொல்லி அடித்த அன்றே வரம்பை வெட்டி வடியவிடுகிறோம், தெளிகருவியை வாய்க்காலிலேயே கழுவுகிறோம். விடுதித் தண்ணீருக்கு முகம் சுளிக்கிற அதே ஊரில் இது நடக்கிறது. மருந்தடித்த நீரைச் சில நாள் வயலிலேயே கட்டி வைத்தால் கீழ்க்குளத்துக்காரருக்கு நாங்கள் செய்யும் பெரிய உதவி அது.

குளத்துப் பங்கைப் பற்றிச் சொல்லவேண்டியது இதுதான். சிறுபோகத்துக்குக் குளத்தில் இருக்கும் அடியைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர் என்று தீர்மானித்துப் பங்கிடுவது உங்களுக்குத் தெரியும். இஸ்ரேலில் சுத்திகரித்த நீரைக் கொடுத்தபோது அதற்கு ஈடாக விவசாயிகளின் நன்னீர் ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். அங்கே நகரங்களுக்குக் குடிநீர் தேவைப்பட்டது, அது அவர்களின் நாட்டுத் திட்டம். இங்கே இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோவது பற்றிக் கமக்காரர் எவ்வளவு காலம் கூட்டம் கூட்டமாகப் பேச வேண்டியிருந்தது என்பதை நான் நேரில் கண்டவன். ஆகவே உங்களுக்கு வருகிற கடிதத்தில் 'மேலதிக நீர்' என்று இருக்கிறதா, 'மாற்று நீர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொல்தான். 'மாற்று' என்றிருந்தால் கமக்காரர் அமைப்பில் வைத்துப் பேசாமல் கையெழுத்து வைக்காதீர்கள். 12 ஏக்கர் அடிக்காக வாய்க்கால் உரிமையை இழந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு அது திரும்பக் கிடைக்காது.

மாரியைப் பற்றியும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். விடுதி கார்த்திகையிலும் 40,000 லீற்றர் வெளியேற்றும், அப்போது உங்கள் காணி ஏற்கெனவே சதுப்பாக இருக்கும். 'நாளாந்தம் ஏற்றுக்கொள்வேன்' என்று ஒப்புக்கொண்டால், தண்ணீர் வேண்டாத நான்கு மாதமும் உங்கள் காணிதான் அவர்களின் கழிவுக்கிடங்கு. அந்த மாதங்களில் நீர் எங்கே போகும், அதற்கு அவர்களிடம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இலவசமாகத் தருகிறவரிடம் இதையெல்லாம் கேட்பது மரியாதையில்லை என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கும் அந்தத் தண்ணீரை எங்காவது விட்டாக வேண்டிய தேவை இருக்கிறது.

காணியில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. தூவல் முறை வேண்டவே வேண்டாம், காற்றில் பறக்கும் நுண்துளி மூக்குக்குள் போகும். சொட்டுக் குழாயென்றால் முன்னால் வட்டு வடிகட்டி போட்டு, வாரத்துக்கொருமுறை குழாய் நுனியைத் திறந்து கழுவிவிட வேண்டும், பாசி அடைத்துவிடும். இந்த நீர் வரும் குழாய்க்குப் பல நாடுகளில் ஊதா நிறம். பெயின்ற் வாங்கி நீங்களே அடியுங்கள், அயல்வீட்டுப் பிள்ளை வாய் வைக்காமல் இருக்க அது போதும். கிணற்று மோட்டர்க் குழாயோடு எந்த இடத்திலும் இணைக்காதீர்கள், வால்வு போட்டும் இணைக்காதீர்கள். தேக்கும் தொட்டியை மூடுங்கள் அல்லது மீன் விடுங்கள், நுளம்பு. காலுக்குச் சப்பாத்து. புல்லென்றால் நீர் நிறுத்தி சில நாள் வெயில் காய்ந்த பிறகு வெட்டி மாட்டுக்குப் போடுங்கள், மாட்டை உள்ளே மேயவிட வேண்டாம்.

அப்பாவிடம் பேசும்போது ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். அந்தப் புல்தோட்டத்துக்குப் பக்கத்தில் இதே நீரில் வாழை வைத்த ஒரு அம்மா, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் குலை கொண்டு போகலாமோ என்று என்னைக் கேட்டார். கிருமிக் கணக்கு சொன்னேன்: குலை நிலத்திலிருந்து ஆறேழு அடி உயரத்தில், நீர் வேரடியில், தோலை உரித்துத்தான் உண்கிறோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'விக்கலாம், வீட்டுக்கும் எடுக்கலாம், அம்மாளாச்சிக்கு மட்டும் கிணத்தடி வாழைக்குலை வெட்டுறன்' என்றார். அது அவருடைய முடிவு, அதில் திருத்த எனக்கு ஒன்றுமில்லை. வாங்குகிறவருக்கும் அப்படியொரு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது. சந்தையில் கேட்டால் என்ன நீரில் விளைந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் 3 ஏக்கருக்கு என் யோசனை: ஒன்றரை ஏக்கரில் தென்னை, அதன் இடைவெளியில் முதல் சில வருடம் வாழை. அரை ஏக்கரில் சி.ஓ.3 மாட்டுப்புல். கிணற்றை அண்டிய ஒரு ஏக்கரை இந்த நீர் தொடாமல் ஒதுக்கி, வெங்காயமும் கீரையும் கிணற்று நீரிலேயே செய்யுங்கள். ஆவணியில் கிணறு வற்றுவது முழுக் காணிக்கும் அதிலிருந்து இறைப்பதால்தான். தென்னைக்கும் புல்லுக்கும் வேறு நீர் வந்தால் அந்த ஒரு ஏக்கருக்குக் கிணறு புரட்டாதிவரை தாங்கக்கூடும்.

விதைவெங்காயத்துக்கு முற்பணம் கொடுக்க முன்னர், விடுதி நீரில் ஒரு போத்தலும் உங்கள் கிணற்று நீரில் ஒரு போத்தலும் பிடித்துக்கொண்டு அறிவியல்நகரில் உள்ள யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ பரிசோதிக்க வழி கேளுங்கள். மின்கடத்துதிறன், சோடிய விகிதம், போரன், மலக் கோலிபோம், புழு முட்டை, நைதரசன் ஆகிய ஆறையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் குடிநீருக்குப் பார்ப்பதை மட்டும் பார்த்துத் தருவார்கள். கிருமிப் போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே கொடுங்கள். எண்கள் வந்ததும் இங்கே எழுதுங்கள். கிணற்றின் எண்ணே 800ஐத் தாண்டியிருந்தால் வெங்காயத்தைப் பற்றி நாங்கள் வேறு விதமாகப் பேச வேண்டியிருக்கும்.